நூல் வாங்கிய விலையை யாரிடம் கேட்பது?



பல்லடம் வட்டாரத்துச் சங்கமொன்றின் பேரவைக் கூட்டத்திற்கு நாம் சென்றிருந்தபோது, தறி ஓட்டும் பெரியவர் ஒருவர் எழுந்து, “சங்கத்திற்கு நூல் யாரிடம், கிலோ என்ன விலைக்கு வாங்கினீர்கள்?” என்று வினவினார். “அது அலுவலக விஷயம்” என்றனர். அவரும் அமர்ந்துவிட்டார்.

கிலோவுக்கு ஐந்து ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால், ஆயிரம் கிலோவுக்கு ஐயாயிரம் ரூபாய் சங்கத்தின் லாபத்திலிருந்து போகிறது. ஆகவே இக்கேள்வி அங்கத்தினருக்கு உரியதே.

நம் மாநிலத்தில் ஒப்பந்தப்புள்ளிகளின் வெளிப்படைத்தன்மைக்கென 1998-இல் சட்டம் இயற்றப்பட்டது. விதிகள் 2000-இல் வந்தன. சர்க்கார் இலாகாக்களோடு கூட்டுறவு நிறுவனங்களையும் சட்டம் குறிப்பிடுகிறது. புள்ளி கோருவதை வெளியிட்டால் மட்டும் போதாது. யாருடைய புள்ளி ஏற்கப்பட்டது, மற்றவை ஏன் தள்ளப்பட்டன என்பதும் வெளியாக வேண்டும். இரண்டு கோடி ரூபாய் வரையிலான கொள்முதலுக்கு 15 நாள், அதற்கு மேற்பட்டதற்கு 30 நாள் அவகாசம் என விதிகள் வகுத்தன. அவகாசத்தைக் குறைத்தால் மேலதிகாரி எழுத்தில் காரணம் பதிய வேண்டும். நாம் தணிக்கைக்குச் செல்லும்போது முதலில் பார்ப்பது இந்தத் தேதிகளையே! சிறு கொள்முதல் போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு.

சரி, சங்கம் விடையளிக்க மறுத்தால்? 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் எல்லாக் கூட்டுறவுச் சங்கங்களையும் நேரடியாகக் கட்டுப்படுத்தாது என்று, கேரளத்துத் தலப்பலம் கூட்டுறவு வங்கி வழக்கில் 2013-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதைக் கேட்டுச் சிலர் மனம் சோர்ந்தனர். தீர்ப்பின் மறுபாதியை அவர்கள் படிக்கவில்லை. பதிவாளர் பொது அதிகார அமைப்பே. சட்டப்படி அவர் சங்கத்திடமிருந்து பெறக்கூடிய தகவலை அவரிடம் கேட்கலாம். பிற அங்கத்தினரின் சொந்தக் கடன், வைப்புக் கணக்குகளை இவ்வாறு கேட்டுப் பெற இயலாது என்பதையும் மறவாதீர்கள்.

விண்ணப்பத்திற்குக் கட்டணம் பத்து ரூபாய்; விடைக்குக் கெடு 30 நாள். “ஏன் இப்படிச் செய்தீர்கள்?” என்று எழுதினால் பயனில்லை. “இன்ன ஆண்டில் நூல் வாங்கிய விலை ஒப்பீட்டுப் பட்டியலின் நகல் வேண்டும்” என்று எழுதுக. நகல் வந்ததும் நூலின் நம்பரைப் பாருங்கள். 40-ஆம் நம்பர் விலையை 60-ஆம் நம்பரோடு ஒப்பிடுதல் வீண். வரியும் வண்டிக் கூலியும் விலையில் அடங்கியவையா என்பதையும் நோக்குக.

அப்பெரியவரும் பின்னர் விண்ணப்பித்தார். நூலின் விலை நியாயமாகவே இருந்தது. வண்டிக் கூலி மட்டும் தனியே ஏறியிருந்தது. அடுத்த பேரவையில் அவர் அதைப் பற்றிக் கேட்டார். இம்முறை கணக்குப் புத்தகம் மேசைக்கு வந்தது.