மிதிவண்டிச் சட்டத்துக்கு வீட்டிலேயே நூல் பிடிக்கும் முறை

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வழியே ஸ்ரீபெரும்புதூர் செல்லும் தொழிற்சாலைச் சாலையில் கனரக வாகனங்களுக்கிடையே மிதிவண்டி ஓட்டுவோர், வண்டி ஒருபக்கமாக இழுப்பதைச் சிறு குறையென விட்டுவிடலாகாது. சக்கரங்களும் பேரிங்குகளும் சரியாக இருப்பின், சட்டத்தின் கோணலே காரணமாகலாம்.

• பட்டறை: வைஸ் என்னும் பற்றுக்கருவி பொருத்திய உறுதியான மேசை, உறுதியான மெல்லிய நூல், எஃகு அளவுகோல் ஆகியவை தொடக்கத்திற்குப் போதுமானவை.

• நூல் சோதனை: பின்சக்கரத்தைக் கழற்றி, அதன் அச்சு அமரும் பிளவுகளுள் ஒன்றில் நூலைக் கட்டி, ஹேண்டில் தண்டு நுழையும் முன்குழாயைச் சுற்றி, மறு பிளவின் அதே இடத்தில் இழுத்துக் கட்டியபின், சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இருபுறமும் அளக்க வேண்டும், இடப்புறம் 31 மி.மீ., வலப்புறம் 27 மி.மீ. என வந்தால், பின்பகுதி இடப்பக்கம் விலகியுள்ளது என்பது பொருள்.

• அகலம்: பிளவுகளுக்கிடையிலான உள்ளளவு, பூட்டு நட்டுகள் உட்பட அச்சின் அகலத்தோடு பொருந்த வேண்டும்; கியர் உள்ள வண்டிகளில் இது பெரும்பாலும் 130 அல்லது 135 மி.மீ. ஆகும்.

• எச்சரிக்கை: எஃகுச் சட்டத்தை மட்டுமே, சூடேற்றாமல், சிறிது சிறிதாக வளைத்து, ஒவ்வொரு முறையும் அளந்து நேராக்கலாம், அலுமினியமும் கார்பனும் விரிசல் கண்டு முறியக்கூடுமாதலால் அவற்றை வளைக்கவே கூடாது.