தொழுவத்து மண்



மாடு நின்ற காலமெல்லாம் குறை சொல்ல முடியாத கிணறு, தொழுவத்தை இடித்து மூன்று வருஷம் கழித்து நைட்ரேட் காட்டுகிறதே, எப்படி என்று கேட்டிருந்தாய். "மாடே இல்லையே சார்?" என்ற அந்த ஒரு வரி என்னை விடவில்லை. அதைவிட எரிச்சல் மூட்டியது உன் பெரியப்பா சொன்னதாக நீ எழுதியது: சாணி இயற்கை, அதனால் கெடுதல் வராது, யூரியா போட்ட பக்கத்து வயல்தான் காரணமாம்.

மாட்டு மூத்திரத்தில் இருப்பதும் யூரியாதான் மக்கா. மூட்டையில் வருவதும் அதே மூலக்கூறுதான். மாடு கழிக்கும் நைட்ரஜனில் பாதிக்கு மேல் பெரும்பாலும் மூத்திரத்தில்தான் போகிறது; நாமோ சாணியை மட்டும் அள்ளிவிட்டு, தரை சுத்தம் என்று திரும்பிவிடுகிறோம்.

அந்த யூரியா சில நாளிலேயே அமோனியா ஆகும். மூக்கில் ஏறும் நெடி போக, மிச்சம் களிமண்ணைப் பற்றிக்கொண்டு கிடக்கும். மாடு நிற்கும்வரை குளம்பு மிதித்து மிதித்து, சாணியும் மண்ணும் சேர்ந்து சிமெண்டுத் தரைபோல் இறுகிவிடுகிறது. காற்றும் தண்ணீரும் எளிதில் இறங்காது. காற்று இல்லையென்றால், அமோனியாவை நைட்ரேட்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு வேலை ஓடாது. மாட்டை விற்றதும் தரை காய்ந்து வெடிக்கிறது, காற்று புகுகிறது. நைட்ரேட்டைக் களிமண் பிடித்து வைக்காது, மழையோடு அனுப்பிவிடும். நமக்கோ இடவப்பாதி ஒன்று, ஐப்பசி மழை ஒன்று!

இந்தத் தொழுவத்து மண்ணை வைத்து உலகம் போர் நடத்தியது தெரியுமா? வெடிமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு; அதுவும் ஒரு நைட்ரேட்தான். பீகாரில் நூனியாக்கள் என்ற வெடியுப்புத் தொழிலாளிகள் பழைய சுவரடியிலும் தொழுவத்திலும் பூத்த வெள்ளைப் பொருக்கைச் சுரண்டி, தண்ணீர் ஊற்றி வடித்து, காய்ச்சி எடுத்தார்கள். பிளாசிப் போருக்கு மறு வருஷமே, 1758இல், அந்த வியாபாரத்தைக் கிழக்கிந்தியக் கும்பினி தனியுரிமையாக்கிக்கொண்டது. இங்கிலாந்தில் அரசனின் ஆட்கள் குதிரை லாயங்களின் தரையைத் தோண்டினார்கள்; 1626இல் முதலாம் சார்லஸ், குடிகள் மூத்திரத்தைச் சேமித்து வைக்க வேண்டும் என்றே ஆணையிட்டான். இதைப் படித்த ராத்திரி நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் பயந்துவிட்டார்கள். அரசனுக்கும் நூனியாவுக்கும் தெரிந்திருந்தது, தொழுவத்துக்குக் கீழே சொத்து இருக்கிறது என்று. வேதியியல் பட்டம் வாங்கிய நமக்குத்தான் கிணறு சொல்ல வேண்டியிருக்கிறது.

இதை அளந்தும் பார்த்துவிட்டார்கள். 1967இல் வெளியான கொலராடோ ஆய்வில் இருபதடி ஆழம்வரை தோண்டினார்கள். குதிரைமசால் வயலில் ஏக்கருக்குச் சராசரி 79 பவுண்டு நைட்ரேட் நைட்ரஜன். மாட்டுப்பட்டிக்குக் கீழே 1,436. அவை பெரும் பட்டிகள், உன் தாத்தாவுடையது நாலு மாட்டுத் தொழுவம் என்பாய். சரி, ஆனால் உங்கள் கிணறு பத்தடிதான் தள்ளி.

குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராம் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். உன் அம்மா காய்ச்சிக் கொடுப்பதாக எழுதியிருக்கிறாய். காய்ச்சினால் கிருமி சாகும்; நைட்ரேட் போகாது, தண்ணீர் வற்ற வற்றக் கூடத்தான் செய்யும். அக்காவின் கைக்குழந்தைக்குப் பால்பொடி கலக்க அந்தத் தண்ணீரைத் தொடவே வேண்டாம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அது ரத்தத்தில் பிராணவாயு சுமக்கும் திறனைக் கெடுத்து உடம்பை நீலம் பாரிக்க வைக்கும்.

இடவப்பாதிக்கு முன்னால் தொழுவத் தரையை ஓரடி ஆழம் வெட்டி வாழைத் தோப்பில் பரப்பிவிடு, ஒரே இடத்தில் குவிக்காமல். கீழே இறங்கியதை இனி எடுக்க முடியாது. ஆனால் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்கலாம். வெட்டும் முன் மேல்மண், ஓரடி, மூன்றடி என்று தனித்தனிப் பொதியாக எடுத்து வா. எந்தப் பொதி எந்த ஆழம் என்று பென்சிலால் எழுது. பேனா மை ஈரத்தில் அழிந்துபோகும்.