மீந்தது எல்லாம் மிகையல்ல

ஓர் ஆணுக்கு வேண்டிய சத்துகளை மிகக் குறைந்த செலவில் தரும் உணவுப் பட்டியல் எது? அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் ஸ்டிக்ளர் 1945-இல் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார். 77 உணவுப் பொருள்கள், 9 சத்துகள், 1939-ஆம் ஆண்டின் விலைகள். 1947-இல் ஜார்ஜ் டான்சிக் இத்தகைய கணக்குகளைத் தீர்க்கும் சிம்ப்ளெக்ஸ் முறையை உருவாக்கியதும் அதைச் சோதிக்க இந்தக் கணக்கே பயன்பட்டது. மேசைக் கணக்குப் பொறிகளில் ஏறத்தாழ 120 ஆள்நாள் உழைத்துக் கண்ட விடை, ஆண்டுக்கு 39.69 டாலர். நேரியல் நிபந்தனைகளுக்குள் சிறந்த விடையைத் தேடுவது நேரியல் திட்டமிடல். அதில் நீக்கினாலும் ஏற்புடைய விடைகளை மாற்றாத மிகைக் கட்டுப்பாடுகளைப் பற்றி நிலவும் தவறான எண்ணங்களைச் சோதிக்கத் தொடங்க இதைவிட நல்ல கணக்கு கிடைப்பது அரிது.

நம்பிக்கை: விடையில் முட்டாத, அதாவது எல்லையைத் தொடாத, கட்டுப்பாடு தேவையற்றது.

ஸ்டிக்ளர் கேட்ட புரதம் நாளுக்கு 70 கிராம். மலிவான பட்டியல் தருவதோ ஏறத்தாழ 147 கிராம். புரத நிபந்தனையை அடித்துவிடலாம் என்றுதான் கை பரபரக்கும். அந்த விலைகளுக்கு அடித்தாலும் விடை மாறாது, ஏமாற்றுவதே அதுதான். உபரி என்பது ஒரு விடையின் குணம். மிகை என்பது எல்லா நிபந்தனைகளுக்கும் உட்பட்ட விடைகள் அடங்கிய ஏற்புடைய பகுதி முழுவதன் குணம். விலை மாறினால் விடை வேறொரு முனைக்கு நகரும். அங்கே புரதம் பற்றாமல் போகலாம். சரியான சோதனை ஒன்றே: மற்ற 8 நிபந்தனைகளை மட்டும் வைத்துக்கொண்டு புரதத்தை எவ்வளவு குறைக்க முடியும் என்று பார்க்க வேண்டும். அந்தச் சிறுமம் 70-க்குக் கீழே போகாவிட்டால் மட்டுமே அது மிகை.

நம்பிக்கை: விடையில் முட்டி நிற்பது மிகையாக இருக்க முடியாது.

இருக்க முடியும். ஒரு தச்சுப் பட்டறையில் மேசைக்கு 2 பலகை, 1 ஆள்நாள். நாற்காலிக்கு 1 பலகை, 1 ஆள்நாள். கைவசம் 40 பலகை, 30 ஆள்நாள். லாபம் மேசைக்கு 300 ரூபாய், நாற்காலிக்கு 200. விடை 10 மேசை, 20 நாற்காலி, 7,000 ரூபாய். இனி பாலிஷையும் சேர்ப்போம்: மேசைக்கு 3 டப்பா, நாற்காலிக்கு 2, இருப்பு 70. அந்த விடையில் 70 டப்பாவும் தீர்ந்துவிடுகிறது. ஆனால் பலகைக் கணக்கையும் ஆள் கணக்கையும் கூட்டினால் வருவதுதான் பாலிஷ் கணக்கு. அது புதிதாக எதையும் தடுக்கவில்லை.

ஆபத்து இதற்குப் பிறகுதான். மென்பொருள் பாலிஷுக்கு டப்பாவுக்கு 100 ரூபாய் நிழல் விலை (இருப்பு ஓர் அலகு மாறினால் லாபம் எவ்வளவு மாறும் என்ற மதிப்பு) காட்டக்கூடும். கணிதப்படி அதுவும் செல்லும். அதை நம்பிப் பத்து டப்பா வாங்குபவருக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதல் லாபம் வராது.

நம்பிக்கை: மிகை என்று தெரிந்ததை எல்லாம் ஒரே வீச்சில் நீக்கலாம்.

x + y ≤ 10, 2x + 2y ≤ 20. ஒன்று இருக்கும்வரை மற்றது மிகை. இரண்டையும் நீக்கினால் வரம்பே போய்விடும். ஒவ்வொன்றாக நீக்கி, ஒவ்வொரு முறையும் மறுபடி சோதிக்க வேண்டும்.

நம்பிக்கை: எல்லா மிகையையும் களைந்த பிறகே கணக்கைத் தொடங்க வேண்டும்.

ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் ஒரு தனிக் கணக்கு போட்டால், மூலக் கணக்கைவிட அந்தத் துப்புரவே நீண்டுவிடும். 1975-இல் பிரியர்லி, மித்ரா, வில்லியம்ஸ் மூவரும் எளிய முன்சோதனைகளைத் தொகுத்து எழுதினார்கள். x ≤ 4, y ≤ 5 என்றால் x + y ≤ 12 வேண்டாம் என்று பார்த்தவுடனே தெரியும். இன்றைய மென்பொருள்கள் இத்தகைய மலிவான சோதனைகளைத் தாமே செய்கின்றன. எஞ்சியதைச் சுமந்துகொண்டே ஓடுகின்றன.

நீக்கிய கட்டுப்பாட்டை எங்காவது குறித்து வையுங்கள், தரவு மாறும்போதெல்லாம் மீண்டும் சோதியுங்கள். பாலிஷ் இருப்பு 69 டப்பாவாகக் குறைந்தாலே பட்டறையின் லாபம் 6,900 ரூபாய்க்கு இறங்கிவிடும்.