அந்த இரண்டாவது பெட்டி எந்த நிலையில் இருக்கிறது?

விமான மின்னணுப் பிரிவில் வேலை கேட்டு நேர்காணலுக்குப் போகிறீர்கள். “டிரான்ஸ்பாண்டர் ஒன்று பழுது. என்ன ஆகும்?” என்று கேட்டால், “இரண்டாவது இருக்கிறதே” என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். அது இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்ற கேள்வி பின்னாலேயே வரும்.

தரை ரேடாரும் பக்கத்து விமானங்களும் விசாரிக்கும்போது “நான் இன்னார், இந்த உயரத்தில்” என்று பதில் சொல்வது டிரான்ஸ்பாண்டர். வானில் மோதலைத் தவிர்க்கும் டிகாஸ் அந்தப் பதிலை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. பயணிகள் விமானத்தில் பொதுவாக டிரான்ஸ்பாண்டர் இரண்டு இருக்கும். ஒன்று பேசும், மற்றது ஸ்டாண்ட்பையில், மின்சாரம் இருந்தும் வாய் திறக்காமல் காத்திருக்கும். பேச வேண்டியதும் ஸ்டாண்ட்பைக்குப் போய்விட்டால்?

2006 செப்டம்பர் 29 அன்று பிரேசிலில் அதுதான் நடந்தது. 37,000 அடி உயரத்தில், ஒரே வான்பாதையில், கோல் நிறுவனத்தின் போயிங் 737 விமானமும் லெகசி 600 என்ற சிறு ஜெட்டும் எதிரெதிரே வந்தன. ஜெட்டின் டிரான்ஸ்பாண்டர் ஸ்டாண்ட்பையில் இருந்தது; அதனால் அதன் டிகாஸும் இயங்கவில்லை. திரையில் அதைச் சொல்லும் சிறு எழுத்துகளை விமானிகள் கவனிக்கவில்லை. போயிங்கின் டிகாஸ் நன்றாகவே இருந்தது, ஆனால் பதில் சொல்லாத விமானம் அதற்குத் தெரியாது. 154 பேர் இறந்தார்கள். மாற்றுக் கருவி கைவசம் இருந்தும் பயனில்லை, மாற்ற வேண்டும் என்றே யாருக்கும் தெரியாதபோது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 2007 அக்டோபரில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் உலகிலேயே முதலாவதாகப் பயணிகளோடு பறக்கவிட்ட ஏ380இல், வானிலை ரேடார், தரைமோதல் எச்சரிக்கை, டிகாஸ், டிரான்ஸ்பாண்டர் நான்கும் ஒரே பெட்டிக்குள் வந்துவிட்டன. அப்படி இரண்டு பெட்டிகள். எடை குறைந்தது, வயர் குறைந்தது. இரண்டு எச்சரிக்கைகள் ஒரே நேரத்தில் எழுந்தால் எது முதலில் ஒலிக்க வேண்டும் என்பதையும் உள்ளேயே தீர்த்துக்கொள்ளலாம். மலையா, எதிரே வரும் விமானமா என்றால் மலைக்குத்தான் முதலிடம். ஆனால் ஒரு பெட்டியைக் கழற்றினால் நான்கு வேலையும் சேர்ந்து போகும். அதனால்தான் ரேடாரும் தரை எச்சரிக்கையும் ஒரு ஜோடி, டிரான்ஸ்பாண்டரும் டிகாஸும் இன்னொரு ஜோடி. ஒரு ஜோடியை முதல் பெட்டியிலிருந்தும் மற்றதை இரண்டாவதிலிருந்தும் எடுத்துக்கொள்ள முடியும்.

இதைப் படித்து மனப்பாடம் செய்யாதீர்கள், வரையுங்கள். இரண்டு பெட்டி, நான்கு வேலை, மின்சாரம் எங்கிருந்து, ஆன்டெனா எது. பல விமானங்களில் ரேடாருக்கு டிரான்ஸீவர் இரண்டு இருந்தாலும் மூக்கில் ஆன்டெனா ஒன்றுதான். அது போனால் இரண்டும் குருடு. படத்தில் ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்து, எது மிஞ்சுகிறது என்று உரக்கச் சொல்லிப் பழகுங்கள். நேர்காணலில் இந்தப் பழக்கம் தானாக வெளியே தெரியும்.

இன்னொன்று: எல்லா ‘குறைந்த நிலை’யும் பழுது அல்ல. இன்ஜின் ஒன்று நின்றால் விமானிகளே டிகாஸை ‘டிஏ ஒன்லி’ நிலைக்கு, அதாவது எச்சரிக்கை மட்டும் தந்து கட்டளையிடாத நிலைக்கு, மாற்றுவார்கள். “ஏறு” என்று அது கட்டளையிட்டால் விமானத்தால் ஏற முடியாமல் போகலாம் அல்லவா? பதிவேட்டைப் படிக்கும் தொழில்நுட்பர், விமானி வேண்டுமென்றே மாற்றியது எது, கருவி தானாக விழுந்தது எது என்று பிரித்தறிய வேண்டும். பிறகு எம்இஎல் பட்டியல்: எது இல்லாமல் பறக்கலாம், எத்தனை நாள் என்று சொல்வது. ஒருங்கிணைந்த பெட்டி என்றால் ஒரு வரியோடு நிறுத்தாமல் நான்கு வேலைக்கும் உரிய வரிகளைப் பாருங்கள்.

பாதை தெளிவானது. தொழில்நுட்பக் கல்விக் கழகம் அல்லது பலதுறைத் தொழிற்கல்லூரி, பிறகு வேலை அனுபவத்தோடு சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் சார்-66 உரிமம். மின்னணுவுக்கு பி2 பிரிவு. பாடத்தொகுதி 5, டிஜிட்டல் நுட்பங்கள், கடினம் என்பார்கள். தொகுதி 9, மனிதக் காரணிகள், சுலபம் என்று கடைசி வாரத்துக்குத் தள்ளுவார்கள். பிரேசில் கதை அந்த ஒன்பதுக்குள்தான் இருக்கிறது.

வேலை பெரும்பாலும் சாங்கியிலோ சிலேத்தாரிலோதான். லிட்டில் இந்தியாவிலிருந்து சாங்கிக்கு இரண்டு ரயில் வழி இருப்பதாகத் தோன்றும்: டௌன்டவுன் பாதையில் நேரே எக்ஸ்போ, அல்லது மாறி மாறிக் கிழக்கு-மேற்குப் பாதை. வரைந்து பாருங்கள். கடைசித் துண்டு, எக்ஸ்போ முதல் விமான நிலையம் வரை, இரண்டுக்கும் ஒன்றேதான். 2015 ஜூலை 7 அன்று வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்குப் பாதைகள் இரண்டும் ஒரே மின்கோளாறில் சேர்ந்து நின்றது நினைவிருக்கலாம். நேர்காணல் நாளுக்கு ஒரு பேருந்து எண்ணையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.