கிரேக்கரின் பிறப்புச் சொற்கள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

புராதன பாஷைகளை ஆராய்வோரை விடாமல் பற்றிக்கொள்ளும் சபலம் ஒன்று உண்டு. ஒரு சொல்லின் தாதுவைக் கண்டுபிடித்துவிட்டால், அந்தச் சொல்லை வழங்கிய ஜனங்களின் மனத்தையே கண்டுபிடித்துவிட்டதாக எண்ணிக்கொள்வதுதான் அது. பிறப்பு, வம்சம், உறவு இவற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொற்கள் இந்தச் சபலத்துக்கு இரையானவற்றுள் முதல் வரிசையில் நிற்பவை. குலத்தைக் குறிக்கும் 'கெனோஸ்', தலைமுறையைக் குறிக்கும் 'கெனெயா', தோற்றத்தைக் குறிக்கும் 'கெனெஸிஸ்', பெறுதலைக் குறிக்கும் 'கென்னாவோ' ஆகிய எல்லாம் ஒரே தாதுவிலிருந்து கிளைத்தவை. அதுவே ஸம்ஸ்கிருதத்தில் 'ஜன்' என்று நிற்கிறது. ஆகவே நாம் நாள்தோறும் சொல்லும் ஜனம், ஜன்மம், ஜாதி என்பனவும் அவற்றுக்குப் பங்காளிகளே. இவ்வளவும் மெய். ஆனால் இந்த மெய்யின்மேல் கட்டப்பட்ட அபிப்பிராயங்கள் பல, வழக்கைக் கொண்டு தட்டிப் பார்த்தவுடன் பொலபொலவென்று உதிர்ந்துவிடுகின்றன.

தகப்பனுக்கு உரியது 'கென்னாவோ', தாய்க்கு உரியது 'டிக்டோ' என்று வியாகரணப் பாடம் சொல்லுவோர் பிரித்துவைத்திருப்பது அவற்றுள் ஒன்று. பெரும்பான்மை வழக்கு அவ்வாறு சாய்ந்திருப்பது உண்மைதான். ஆயினும் லூக்கா தம் சுவிசேஷத்தில் எலிசபெத்து பிள்ளை பெற்றதைச் சொல்லும்போது தகப்பனுக்கு உரியதாகக் கருதப்படும் சொல்லையே ஆளுகிறார். ஹோமரோ தகப்பன்மாரைப் பற்றி 'டிக்டோ' என்று கூசாமல் சொல்லுகிறார். அந்தச் சொல்லிலிருந்தே பிறந்த 'தொகேயஸ்' என்பது பன்மையில் தாய் தந்தை இருவரையும் குறிக்கும். நாம் 'பெற்றோர்' என்பதற்கும் அதற்கும் சற்றும் பேதமில்லை.

இதைவிடப் பிரசித்தமான நம்பிக்கை, கிரேக்கர்கள் தாயைப் பெற்றவளாகவே கருதவில்லை என்பது. இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது கி.மு. 458இல் அரங்கேறிய ஈஸ்கிலஸின் 'யூமெனிடீஸ்' நாடகம். தாயைக் கொன்ற ஒரெஸ்டெஸை விசாரிக்கும் சபையில், தாய் என்பவள் விதைத்த வித்தைப் பேணி வளர்க்கும் செவிலி மட்டுமே, உண்மையில் பெற்றவன் தகப்பன்தான் என்று அப்பொல்லோ வாதிடுகிறான். தாயில்லாமல் தோன்றிய அதேனா தேவியையே அதற்குச் சாட்சியாகக் காட்டுகிறான். கேட்பதற்கு முடிந்த சித்தாந்தம் போல்தான் இருக்கிறது. ஆனால் பேசுகிறவன் யார்? கட்சிக்காரனைத் தப்புவிக்க வந்த வக்கீல்! அந்த வாதத்தைக் கேட்ட பிறகும் சபையின் வாக்குகள் சரிசமமாகவே பிரிந்தன என்பதை நாடகமே சொல்லுகிறது. வைத்தியர்களின் பக்கம் போனால், ஹிப்போகிராட்டிஸின் பெயரால் வழங்கும் கருவுற்பத்தி நூல், ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்து உண்டு என்றும், இரண்டும் கலந்தே குழந்தை உருவாகிறது என்றும் விவரிக்கிறது. பெண்ணுக்கு வித்து இல்லை, அவள் அளிப்பது உருவத்தை ஏற்கும் பொருளை மட்டுமே என்று அரிஸ்டாட்டில் சொன்னது, அந்தக் கொள்கையை மறுப்பதற்காகவே. எல்லாரும் ஒருமுகமாக ஒப்புக்கொண்ட விஷயத்துக்கு மறுப்பு எழுதும் சிரமத்தை அவர் எதற்காக மேற்கொள்ள வேண்டும்? நாடகம் அரங்கேறி ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் கழித்து, கி.மு. 451இல், பெரிக்ளிஸ் கொண்டுவந்த சட்டமோ, தகப்பன் மட்டுமின்றித் தாயும் ஏதென்ஸ் பிரஜையின் குடும்பத்தில் பிறந்தவளாக இருந்தாலன்றிப் பிள்ளைக்குப் பிரஜாஉரிமை இல்லை என்று விதித்தது. செவிலியின் பூர்வோத்தரத்தை இவ்வளவு கண்டிப்பாக எந்தச் சட்டமும் கேட்பதில்லை.

'அடெல்ஃபோஸ்' என்னும் சொல்லுக்கு வருவோம். 'டெல்ஃபிஸ்' என்றால் கருப்பை; முன் நிற்கும் 'அ' இன்மையைக் குறிப்பதன்று, ஒருமையைக் குறிப்பது; ஆகவே ஒரே வயிற்றில் பிறந்தவன் என்பது சொற்பொருள். ஸஹ-உதரன் ஆகிய நம் சகோதரனும் அப்படியே. இதைக் கொண்டு, கிரேக்கரிடம் ஆதியில் தாய்வழிச் சமுதாயமே இருந்தது, தாய் ஒருத்தியாக இருந்தால்தான் சகோதரன் என்று அவர்கள் எண்ணினார்கள் என வாதிப்போர் உண்டு. வழக்கில் நாம் காண்பதோ, தாய் வேறாகித் தகப்பன் ஒருவனாக இருப்பவனையும் அவர்கள் 'ஒரு தந்தை அடெல்ஃபோஸ்' என்று தயக்கமின்றிச் சொன்னார்கள் என்பதே. ஏதென்ஸில் ஒரு தகப்பனுக்கு வெவ்வேறு தாயரிடம் பிறந்த ஆணும் பெண்ணும் மணந்துகொள்ளலாம். தெமிஸ்டொக்ளிஸின் குமாரத்தி நெசிப்டொலெமா தன் மாற்றாந்தாய் மகனான ஆர்கெப்டொலிஸையே மணந்தாள் என்று ப்ளூட்டார்க் எழுதியிருக்கிறார். ஒரே தாயின் பிள்ளைகளாக இருந்தால் அது கூடாது. சொல்லின் வேர் இங்கே உயிரோடு இருக்கிறது என்று உடனே மகிழ்ந்துவிடக் கூடாது; ஏனெனில் ஸ்பார்ட்டாவில் விதி நேர்மாறாக இருந்தது, தாய் ஒருத்தியானால் மணக்கலாம், தகப்பன் ஒருவனானால் மணக்கலாகாது என்று அலெக்ஸாந்திரியாவைச் சேர்ந்த ஃபிலோ கூறுகிறார். இரண்டு ஊரிலும் பாஷை கிரேக்கமே.

அப்படியானால் ஸம்ஸ்கிருதத்து 'ப்ராத்ரு'வுக்கும் லத்தீன் 'ஃப்ராதெர்' என்பதற்கும் இனமான பழைய சொல் கிரேக்கத்தில் என்னவாயிற்று என்று கேட்கலாம். அது 'ஃப்ராதேர்' என்று இருக்கத்தான் இருந்தது. ஆனால் வீட்டை விட்டு வெளியேறிவிட்டது. 'ஃப்ராத்ரி' எனப்படும் சங்கத்தின் அங்கத்தினனுக்கே அது பெயராயிற்று. இந்தச் சங்கத்தார் இலையுதிர்காலத்தில், பியானொப்ஸியோன் மாதத்தில், மூன்று நாள் கொண்டாடிய பண்டிகை 'அபடூரியா'. முதல் நாள் விருந்து. இரண்டாம் நாள் பலி. மூன்றாம் நாள் பிள்ளைகளைச் சங்கத்தார்முன் கொண்டுவந்து நிறுத்தும் நாள், பையன்களின் தலைமயிரைக் கத்தரித்துக் காணிக்கையாக்கும் நாளும் அதுவே. ப்ளேட்டோவின் 'டிமேயஸ்' நூலில் கிரிடியாஸ் தாம் பத்து வயதுச் சிறுவனாக இருந்தபோது அட்லாண்டிஸ் கதையைக் கேட்டதாகச் சொல்வது இந்த மூன்றாம் நாளில்தான். பண்டிகையின் பெயருக்குப் பழைய கிரேக்கரே ஒரு கதை கட்டியிருந்தார்கள். மெலாந்தோஸ் என்பவன் போயோட்டியா அரசனோடு துவந்த யுத்தம் செய்கையில், உனக்குப் பின்னால் எவனோ துணைக்கு நிற்கிறானே என்று சொல்ல, அவன் திரும்பிப் பார்த்த கணத்தில் வெட்டி வீழ்த்தினானாம். அந்த வஞ்சனையாகிய 'அபதே'யால் பெயர் வந்ததாம். கதை ருசியானது, ஆனால் 'ஒரே தந்தையர் உடையோர்' என்ற பொருளில் பிறந்த பெயர் என்பதே பாஷா சாஸ்திரிகளின் துணிபு.

பண்டிகையில் நடந்ததை அறிய ஒரு கல்வெட்டு அகப்பட்டிருக்கிறது. ஏதென்ஸுக்கு வடக்கே தெகெலெயாவில் கிடைத்த இது, கி.மு. 396இல் ஒரு ஃப்ராத்ரி செய்த தீர்மானங்களைத் தாங்கியது. கொண்டுவரப்பட்ட பிள்ளை இன்னாருக்கு முறையாக மணந்த மனைவியிடம் பிறந்த சொந்த மகன் என்று சாட்சிகள் ஜீயஸ் தேவனின் பெயரால் சத்தியம் செய்ய வேண்டும். தகாதவனைப் புகுத்தியவன் நூறு த்ராக்மா தண்டம் கட்ட வேண்டும். பெற்றால் மட்டும் போதாது. பெற்றதை நாலு பேர் அறிய நிறுத்தி, அவர்கள் ஏற்ற பிறகே பிள்ளைக்கு ஊரில் இடம்.

'கெனோஸ்' என்பது ஒவ்வொரு கிரேக்கனும் சேர்ந்திருந்த ஆதிக் குலம், அதிலிருந்தே நகர ராஜ்யம் வளர்ந்தது என்ற எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் குழந்தை. மார்கன் 1877இலும் எங்கெல்ஸ் 1884இலும் அதற்குப் பெரும் கீர்த்தி தேடித்தந்தார்கள். ஃபெலிக்ஸ் பூரியோ, தெனி ரூஸெல் என்ற இரு பிரெஞ்சு அறிஞர்கள் 1976இல் தனித்தனியே எழுதிய நூல்கள் அதன் அஸ்திவாரத்தையே பெயர்த்துவிட்டன. எலூஸிஸ் கோயிலின் யூமொல்பிடாய், கெரிகெஸ் போன்ற பூஜகக் குடும்பங்களே ஏதென்ஸில் இந்தப் பெயருக்கு நிச்சயமான உதாரணங்கள். சாமானிய ஜனங்களுக்குக் கெனோஸ் என்று ஒன்று இருந்ததில்லை.

நம் கிறிஸ்தவ வாசகர்கள் நன்கறிந்த சொல் 'மொனோகெனேஸ்'. தமிழ் வேதாகமத்தில் 'ஒரேபேறான' என்று படிக்கிறோம். பேறு என்ற கருத்துக்குக் காரணம், இச்சொல்லைக் 'கென்னாவோ'வோடு சேர்த்து எண்ணியது. ஆனால் எழுத்தைப் பாருங்கள்: அந்த வினையில் 'ன்' இரட்டித்து நிற்கிறது, இதில் ஒற்றையே. இது வினையிலிருந்து வரவில்லை, 'கெனோஸ்' என்ற பெயரிலிருந்து வந்தது. தன் வகையில் ஒன்றே ஒன்றானது என்பது கருத்து. தமையன் இஸ்மவேல் முன்னரே பிறந்திருக்க, எபிரெயர் நிருபம் ஈசாக்கை இச்சொல்லால் குறிக்கிறது. ரோமாபுரியின் கிளெமெந்து, எரிந்து மீண்டெழும் ஃபீனிக்ஸ் பறவைக்கும் இதையே அடைமொழியாக்குகிறார். ஜெரோம் லத்தீனில் பெயர்த்தபோது, விதவையின் மகனுக்கும் யவீருவின் மகளுக்கும் 'ஒரே' என்று மட்டும் எழுதிவிட்டு, கிறிஸ்துவைக் குறிக்கும் இடங்களில் 'ஒரேயொருவராய்ப் பிறந்தவர்' என்று எழுதினார். அதற்குள் கி.பி. 325இல் நைசியாவில் கூடிய மகாசபை, குமாரன் பிறந்தவரே அன்றிப் படைக்கப்பட்டவர் அல்லர் என்று அறிக்கை செய்துவிட்டிருந்தது. வேர் பிறப்பின் வேர்தான் என்பதால் பழைய மொழிபெயர்ப்பை முழுப் பிழை என்று தள்ளுவோருடனும் எனக்கு உடன்பாடில்லை. தாதுவைச் சற்று அதிகமாக நம்பிய மொழிபெயர்ப்பு என்பதே என் தீர்ப்பு.

தலைமுறைக்குக் கிரேக்கர் முப்பது ஆண்டு என்று ஒரே கணக்கு வைத்திருந்தார்கள் என்பதும் பொருந்தாது. ஹெரொடோட்டஸ் மூன்று தலைமுறை நூறு ஆண்டு என்று கொண்டு, எகிப்தின் 341 தலைமுறைகளுக்கு 11,340 ஆண்டு என்று பெருக்கிக் காட்டுகிறார். அவர் கணக்குப்படியே பார்த்தாலும் விடையில் ஏறக்குறைய 27 ஆண்டு குறைகிறது. மூன்றாம் தலைமுறையை ஆண்டுகொண்டிருந்தான் என்று ஹோமர் சொன்ன கிழவன் நெஸ்டோரை, தலைமுறையை நூற்றாண்டாகக் கொண்டு இருநூறு வயது தாண்டியவனாக்கிவிட்டார் ரோமானியக் கவி ஒவிட்.

உறவுமுறைகளை நுட்பமாகப் பிரிப்பது நம்மைப் போன்ற கீழ்நாட்டாருக்கே உரியது, ஐரோப்பியரின் மூதாதையரான கிரேக்கருக்கு அது தெரியாது என்று சொல்வாரும் உளர். அவர்கள் இலியத்தின் கடைசிக் காண்டத்தில் ஹெக்டரின் உடலருகே ஹெலென் புலம்பும் இடத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். புகுந்த வீட்டில் தன்னைக் கடிந்தவர்களை அவள் எண்ணும்போது கொழுந்தனார் 'தாஏர்', நாத்தனார் 'கலோஸ்', ஓரகத்தி 'எய்னாதெர்', மாமியார் 'ஹெகிரா' என்று ஒவ்வொருவருக்கும் தனிப்பெயர் வருகிறது. இவற்றுள் முதலாவது ஸம்ஸ்கிருதத்தில் 'தேவரன்' என்றும், ஓரகத்தியைக் குறிப்பது 'யாத்ரு' என்றும் நிற்கின்றன. பிற்காலத்து ஏதென்ஸ் உரைநடையில் இச்சொற்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. மாமனாரையும் மருமகனையும் மைத்துனனையும் 'கெதெஸ்தேஸ்' என்ற ஒரே சொல்லால் அந்நகரத்தார் குறித்துக்கொண்டார்கள்.