மவுண்டில் ஏற்றும் முன் டேப்பை எடுங்கள்

பேஸ்பாலில் பிட்சர் நின்று பந்து வீசும் மண்மேடுதான் மவுண்ட். அதன் உயரமும், உச்சியில் பதித்த ரப்பர் பட்டைக்கும் பேட்டர் நிற்குமிடத்தில் தரையில் பதித்த ஹோம் பிளேட்டுக்கும் உள்ள தூரமும் பிள்ளையின் வயதுக்கு ஒத்துவர வேண்டும். தப்பினால் முழங்கையும் தோளும்தான் அடிவாங்கும். அமெரிக்காவில் உங்கள் பிள்ளை லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பால் ஆடினால், இன்றைய பயிற்சிக்கே அளவு டேப்போடு போங்கள்.

செய்ய வேண்டியவை

• ஹோம் பிளேட்டின் பின்முனையிலிருந்து ரப்பரின் முன்விளிம்பு வரை அளந்து பாருங்கள். பிளேட்டின் முன்விளிம்பில் டேப்பை வைத்தால் 17 அங்குலம் தப்பிவிடும்.

• பிரிவுக்குரிய தூரத்தைக் கேட்டு வாங்குங்கள். பேஸ்களுக்கு இடையே 60 அடி உள்ள சின்ன மைதானத்தில் 46 அடி, பேஸ்களுக்கு இடையே 70 அடி உள்ள 50/70 பிரிவில் 50 அடி. 60 அடி 6 அங்குலம் பெரிய மைதானத்துக்கானது.

• உயரத்தையும் பாருங்கள். 46 அடி மைதானத்தில் மேடு 6 அங்குலம், பெரியவர்களின் தொழில்முறை மேஜர் லீக்கில் 10 அங்குலம்.

• முன்கால் இறங்கும் இடத்தில் விழும் குழியை ஆட்டத்துக்கு முன்பே களிமண்ணால் நிரப்பி, ஈரப்படுத்தி, இடித்துக் கெட்டியாக்குங்கள். அந்தக் குழியில் கால் மடங்கி, கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த பையனைப் பார்த்திருக்கிறேன்.

• பிள்ளை வீசும் ஒவ்வொரு பந்தையும், அதாவது பிட்ச்சையும், நீங்களே எண்ணுங்கள். லிட்டில் லீக் விதிப்படி 11, 12 வயதுக்கு ஒரு நாளில் 85தான். 66-ஐத் தொட்டால் 4 நாள் ஓய்வு.

செய்யக்கூடாதவை

• காலடி வைத்து அளக்காதீர்கள். ஆளுக்கு ஆள் அடி மாறும். ரப்பரும் இடம் மாறும்.

• பெரியவர்கள் மவுண்டில் சின்னப் பிள்ளையை வீசவிடாதீர்கள். பந்து எட்டாதபோது உடம்பை முறுக்கித் தூக்கி வீசுவான். பழகிய பாணியே கெட்டுவிடும்.

• வேகம் கூடட்டும் என்று மேட்டை உயர்த்தாதீர்கள். உயரம் பிட்சருக்கு அவ்வளவு சாதகம் என்பதால்தான் 1969-ல் மேஜர் லீக்கே 15 அங்குலத்தை 10 ஆகக் குறைத்தது.

• குழியில் உலர்ந்த மணலைக் கொட்டாதீர்கள். பார்க்கச் சமமாக இருக்கும். கால் வைத்ததும் வழுக்கும்.

• 41 பிட்ச் போட்டவனை அன்றே பிளேட்டுக்குப் பின்னால் பந்து பிடிக்கும் கேட்சராக நிறுத்தாதீர்கள். விதியும் விடாது, அங்கேயும் அதே கைக்குத்தான் வேலை.

• “இன்னும் ஒரே ஒரு இன்னிங்ஸ்” என்று கெஞ்சினாலும், முழங்கை வலியோடு வீசவிடாதீர்கள். அங்குள்ள எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. ஆட்டம் அடுத்த வாரமும் வரும்.