அம்பாசிடரா, பத்மினியா?



அமெரிக்காவில் பழைய கார் சேர்ப்பவர்கள் இருவர் சந்தித்தால், 1964-ல் வந்த போர்டு மஸ்டாங் உயர்வா, 1966-ல் அதற்குப் போட்டியாக வந்த செவர்லே கமாரோ உயர்வா என்றுதான் வாதாடுவார்கள். நம்ம ஊரில் அந்த வாதம் அம்பாசிடருக்கும் பத்மினிக்கும்தான்.

அரூரிலிருந்து தீர்த்தமலைக்குச் சாமி கும்பிட வந்தவர்களை ஏற்றி வந்தவர் என் பெரியப்பா. அவருடைய அம்பாசிடர் இன்று கொட்டகையில் நிற்கிறது. பக்கத்துத் தெருவில் 1975-ல் பதிவான பத்மினி ஒன்று விலைக்கு வந்தது. "நீதான் மெக்கானிக்கல் படிக்கிறியே, எதுக்குடா செலவு பண்ணலாம்?" என்றார். அதற்காக நான் போட்ட கணக்கே இந்தக் கட்டுரை.

1. பிறப்பு

மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையின் வாரிசு அம்பாசிடர். கல்கத்தா அருகே உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்தது, 2014-ல் நின்றது. இத்தாலியின் பியட் 1100 வழி வந்தது பத்மினி. பம்பாய் குர்லாவில் பிரீமியர் நிறுவனம் தயாரித்தது. பத்மினி என்ற பெயர் 1974-ல் வந்தது. 2000 வாக்கில் தயாரிப்பு நின்றது. பல ஆண்டு பிந்தி நின்றதால் அம்பாசிடருக்கு உதிரி பாகம் தேடுவது சுலபம்.

2. அமைப்பு

அம்பாசிடரின் பழைய பெட்ரோல் என்ஜின் 1489 சி.சி.; பத்மினியுடையது 1089 சி.சி. முன் சஸ்பென்ஷனில் அதற்கு டார்ஷன் பார், இதற்குக் காயில் ஸ்பிரிங். இரண்டுக்கும் பின்னால் லீப் ஸ்பிரிங், பின்சக்கர இயக்கம். சுமை தாங்க அம்பாசிடர், லேசாக ஓட்டப் பத்மினி.

3. வாங்குமுன் சோதனை

முக்கியமான பாடம் இதுதான். இரண்டிலும் லாரி போலத் தனிச் சேஸிஸ் கிடையாது. பாடியே பாரம் தாங்குகிறது. ஆகவே தரையிலும் கதவுக்கு அடியிலும் துரு அரித்திருந்தால் அது வெறும் டிங்கரிங், பெயிண்ட் சமாச்சாரம் அல்ல, எலும்பே போன மாதிரி. ஜாக்கி வைத்துப் பக்கவாட்டில் தூக்குங்கள். தூக்கியபின் கதவு இடித்தாலோ மூட மறுத்தாலோ பாடி தளர்ந்துவிட்டது என்று சந்தேகப்படுங்கள். அடுத்து, என்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா பாருங்கள்.

4. சட்டம்

2021-ல் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய சொந்த உபயோக வண்டிக்கு 'வி.ஏ.' எழுத்துள்ள எண் கிடைக்கும். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். 10 ஆண்டு செல்லும். ஆனால் என்ஜினையோ பாடியையோ பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுதல், பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் சாலையில் ஓட்டலாம். தினசரி ஓட்ட முடியாது.

முடிவு

பெரியப்பா அந்தக் காலத்தில் பல டாக்சிக்காரர்களைப் போல மேட்டடார் டீசல் என்ஜின் மாற்றியவர். பெட்ரோல் என்ஜினைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டார். பத்மினியில் நம்பர் ஒத்துப்போகிறது. கதவும் ஜாக்கிச் சோதனையில் தேறியது. கணக்குப்படி பத்மினிதான் என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கணக்கு சரிதாண்டா. ஆனா உங்கக்காவைப் பிரசவத்துக்கு ராத்திரியில ஏத்திக்கிட்டுப் போனது இந்த வண்டி" என்றார். பத்மினியை வேறொருவர் வாங்கிப் போனார். அம்பாசிடரின் தரைத் தகட்டை இப்போது நாங்கள் இருவரும் வெல்டு வைத்துக்கொண்டிருக்கிறோம்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் பழைய வண்டி இருக்கலாம். என்ஜினை மாற்றினாலும் மாற்றுங்கள். கழற்றியதை மட்டும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்!

— மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன், தீர்த்தமலை